எம் புக்கில் முதல் கையெழுத்து

கேள்வி: மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். தேர்வு எழுதித் தேறி, ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பொறியாளராகச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. எங்கள் ஒன்றியத்தில் 1.2 கிலோமீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலத்தில் கிராமச் சாலை ஒன்று போட்டு முடித்திருக்கிறார்கள். எஸ்டிமேட்படி தாருக்குக் கீழே ஜல்லி இரண்டு அடுக்கு, அடுக்குக்கு 75 மில்லிமீட்டர். மூன்று இடத்தில் ஓரத்தைத் தோண்டிப் பார்த்தேன். ஒரே அடுக்குதான் இருக்கிறது. எம் புக்கில், அதாவது முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில், இரண்டு அடுக்கையும் யாரோ பென்சிலில் எழுதி என் மேஜைக்கு அனுப்பிவிட்டார்கள். "எல்லாரும் போடுற கையெழுத்துதான் தம்பி, போட்டுட்டுப் போங்க" என்கிறார் மேலதிகாரி. காண்ட்ராக்டரின் ஆள் ஒரு கவரை என் டிராயரில் வைத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தேன், 20,000 ரூபாய். ஆறு நாளாக அங்கேயே கிடக்கிறது. கோயில் உண்டியலில் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். கையெழுத்துப் போடாவிட்டால் மெமோ, மாற்றல் என்று மிரட்டுகிறார்கள். புகார் கொடுத்தால் என் பெயர் வெளியே வருமா? உயிருக்கு ஆபத்து உண்டா? அப்பா லோடுமேன். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். வீட்டில் யாருக்கும் இது தெரியாது.
பெயர் வேண்டாம், தென் மாவட்டம்

பதில்: (இதை அவருக்குத் தனியாக முன்பே அனுப்பிவிட்டேன். செய்ய வேண்டியதை அவர் செய்து முடித்த பிறகு, அவர் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றி இங்கே தருகிறேன். இதே நிலையில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால்தான்.)

அன்புள்ள தம்பி,

முதலில் கவர். மற்றதெல்லாம் அப்புறம்.

சாலையைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தூக்கம் போனது அந்த டிராயரை நினைத்து. அந்தப் பணம் உங்களுக்குக் கொடுத்த கூலி என்று மட்டும் எண்ணாதீர்கள். நீங்கள் மறுத்தால் உங்களை மடக்குவதற்கும் அதே கவர் போதும். "பில் போட இருபதாயிரம் கேட்டார், கொடுத்தேன்" என்று காண்ட்ராக்டரே லஞ்ச ஒழிப்புத் துறையில் போய்ச் சொன்னால், அதிகாரிகள் வந்து திறக்கும் முதல் டிராயர் உங்களுடையது. கேட்டதும் வாங்கியதும் நிரூபணமாக வேண்டும், பணம் கிடைத்தது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. கடைசியில் நீங்கள் விடுதலை ஆகவும் கூடும். ஆனால் அதற்குள் எத்தனை வருடம் போகும்? கைதாகி 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே தற்காலிகப் பணிநீக்கம் தானாக வந்துவிடும். அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. உங்கள் வயதில் அது முப்பதுகள் முழுவதையும் தின்றுவிடும்.

உண்டியலில் போடக் கூடாது. காண்ட்ராக்டரிடம் ரகசியமாகத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது. வீட்டுக்கு எடுத்துப் போகவே கூடாது. உண்டியலில் விழுந்த பணத்துக்கு ரசீது இல்லை; நீங்கள் வாங்கிச் செலவழித்தீர்கள் என்றால் மறுக்க உங்களிடம் என்ன இருக்கிறது? திருப்பிக் கொடுத்தாலும் அதேதான், அவர் வாங்கவில்லை என்று சொன்னால் முடிந்தது.

உங்கள் மாவட்டத்தில் லஞ்ச ஒழிப்புத் துறைப் பிரிவு இருக்கிறது. ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் என்பது அதன் முழுப்பெயர், 1964 முதல் இயங்குகிறது. நாளைக் காலை அலுவலகத்துக்குப் போகும் முன் அங்கே போங்கள். துணைக் கண்காணிப்பாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். எந்த நாள், எத்தனை மணி, யார் வந்தார், என்ன சொன்னார், கவரை எங்கே வைத்தார், அந்த அறையில் வேறு யார் இருந்தார் என்று நீங்களே கைப்பட எழுதிக் கொடுங்கள். பிரித்துப் பார்த்தேன் என்பதையும், ஆறு நாள் பயந்துபோய் வைத்திருந்தேன் என்பதையும் அப்படியே எழுதுங்கள். தாமதம் உங்களுக்குப் பாதகமான விஷயம்தான், அதை மறைக்க முடியாது. ஆனால் ஆறு நாள் தாமதத்தை உண்மையாகச் சொன்னவரை நீதிமன்றம் நம்பும். அதையே மறைத்துப் பின்னால் மாட்டிக்கொண்டவரை நம்பாது. கவரை இனித் தொட வேண்டாம். அவர்கள் வந்து சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுதி எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்காமல் அந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே வராதீர்கள். அவர்கள் தயங்கினால் அதே மனுவைப் பதிவு செய்த விரைவுத் தபாலில் ஒப்புகையோடு அனுப்பிவிடுங்கள்.

2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதிலிருந்து, கொடுப்பவர் மீது 8ஆவது பிரிவில் தனியாகவே வழக்குப் போடலாம். வேறு வழியில்லாமல் கொடுக்க நேர்ந்தவர் ஏழு நாளுக்குள் தெரிவித்தால்தான் அவருக்குத் தப்பிக்க வழி. உங்கள் காண்ட்ராக்டரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நீங்கள் கேட்கவும் இல்லை. எனவே அவர் மறுபடி வந்தால் என்ன செய்வது என்பதை அந்த அதிகாரிகளே சொல்லட்டும். பொடி தடவிய நோட்டு, சோடா உப்புக் கரைசலில் விரல் முக்கினால் இளஞ்சிவப்பு நிறம் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். அதையெல்லாம் நீங்களாகத் திட்டம் போட வேண்டாம்.

சரி, இப்போது கையெழுத்துக்கு வருகிறேன்.

ஊழலைப் பற்றிப் பேசும்போது இருட்டறை, ரகசியப் பெட்டி என்று கற்பனை செய்கிறோம். இருபது வருடத்துக்கு மேல் இந்த வழக்குகளை நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: யாருக்கு எத்தனை சதவீதம் என்பது ரகசியமே கிடையாது. ஒன்றிய அலுவலக வாசலில் டீ ஆற்றுபவருக்குத் தெரியும். மறைந்திருப்பது வேறொன்று. பெரிய பங்கு யாருக்குப் போகிறதோ அவருடைய கையெழுத்து எந்தத் தாளிலும் இருக்காது. மிகச் சிறிய பங்கு யாருக்கோ, அல்லது பங்கே இல்லாமல் பயந்துபோய் யார் ஒத்துக்கொண்டாரோ, அவர் கையெழுத்துதான் முதல் பக்கத்தில் முதலாவதாக இருக்கும். எம் புக்கில் அளந்தவர் நீங்கள். மேலே இருப்பவர் "பொறியாளர் அளந்ததைச் சரிபார்த்தேன்" என்பார், அதற்கு மேலே இருப்பவர் "சரிபார்த்ததை நம்பி பில்லை அனுமதித்தேன்" என்பார். நீதிமன்றத்தில் ஒவ்வொருவரும் தனக்குக் கீழே இருப்பவரைக் கை காட்டுவார்கள். உங்களுக்குக் கீழே யாரும் இல்லை தம்பி. கீழே தரைதான்.

என் கட்சிக்காரர் ஒருவரை நினைக்கிறேன். ஓய்வு பெற மூன்று வருடமே இருந்த ஓவர்சியர். ஐந்து குளம் தூர் வாரியதாக எம் புக்கில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரு குளத்தின் கரைக்குக்கூட அவர் போகவில்லை. "மேலே எல்லாம் பேசியாச்சு" என்று சொன்னார்களாம், போட்டாராம். அவருக்குக் கிடைத்தது தீபாவளிக்கு ஒரு வேட்டி சட்டையும் கொஞ்சம் பணமும். வழக்கு வந்தபோது காண்ட்ராக்டர் அப்ரூவர் ஆனார். உண்மை முழுவதையும் சொல்கிறேன் என்று சட்டப்படி மன்னிப்பு வாங்கிக்கொண்டு அரசுத் தரப்பு சாட்சியாகக் கூண்டில் ஏறி, இவரைப் பார்த்துக் கை நீட்டினார். அந்த மனிதருக்கு மூன்று வருடம் தண்டனை, பணிநீக்கம். மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த நகை வழக்குச் செலவுக்குப் போனது. என் ஃபீஸும் அதிலிருந்துதான் வந்தது. தீர்ப்பன்று அவர் மனைவி என்னிடம் கேட்டார்: "அம்மா, அந்தக் குளம் எங்கே இருக்குன்னே இவருக்குத் தெரியாதே, அப்புறம் எப்படி?" அது எங்கே என்று தெரியாததுதான் குற்றம் என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பீகாரின் கால்நடைத் தீவன ஊழலை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 ஜனவரியில் சாய்பாசாவில் துணை ஆணையராக இருந்த அமித் காரே கால்நடைத் துறை அலுவலகத்தில் சோதனை போட்டபோது அது வெடித்தது. மாடுகளையும் தீவனத்தையும் ஏற்றிப் போனதாகப் பில் போட்டிருந்த வண்டிகளின் பதிவு எண்ணைத் தேடினால், ஸ்கூட்டர்களும் மொபெட்டுகளும் வந்தன. முன்னாள் முதலமைச்சர் லாலு பிரசாத்துக்கு 2013இல் முதல் தண்டனை கிடைத்தது. ஆக, மேலே இருப்பவர் ஒருபோதும் மாட்டுவதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வரை எட்ட 17 வருடம் ஆனது. 2022 பிப்ரவரியில் டோரண்டா கருவூல வழக்கில் ராஞ்சி சிறப்பு நீதிமன்றம் 75 பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்தப் பட்டியலில் அரசியல்வாதிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் கால்நடைத் துறைக்காரர்கள், கருவூலக்காரர்கள், சப்ளையர்கள். பலர் கிழவர்களாகிப்போய் நீதிமன்றம் வந்தார்கள். அந்தத் தாள்களில் கையெழுத்துப் போட்ட காலத்தில் அவர்களிலும் உங்களைப் போன்ற இளைஞர்கள் இருந்திருப்பார்கள்.

உங்கள் சாலைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 1,200 மீட்டர் நீளம், நீங்கள் சொன்ன 3.75 மீட்டர் அகலம், 75 மில்லிமீட்டர் கனம். பெருக்கினால் 337.5 கன மீட்டர். எம் புக்கில் இருந்து சாலையில் இல்லாத ஜல்லி இவ்வளவு. முப்பது டிப்பர் லோடுக்கு மேல். இதை "கொஞ்சம் முன்பின்" என்று யாரும் தள்ள முடியாது. நீங்கள் கையெழுத்துப் போட்டால் அரசு ஊழியர் செய்த நம்பிக்கை மோசடி, கணக்கைப் பொய்யாக எழுதியது, ஊழல் தடுப்புச் சட்டம் 13ஆவது பிரிவு எல்லாம் சேர்ந்து வரும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(5)இன்படி அந்த நம்பிக்கை மோசடிக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். கவரை நீங்கள் தொடவே இல்லை என்றாலும் இது பொருந்தும். "நான் பணம் வாங்கவில்லையே" என்று அழுத எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

போடாமல் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். சும்மா போடாமல் வைத்திருந்தால் "வேலை செய்யாமல் பில்லை முடக்கினார்" என்று உங்கள் மீதே 17(ஆ) மெமோ, அதாவது கடுமையான ஒழுங்கு நடவடிக்கைக்கான மெமோ, வரும். நாளைக்கு உங்களை மாற்றிவிட்டு அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நீங்கள் மறுத்ததற்கு அலுவலகத்தில் ஒரு தடமும் இருக்காது. ஏன் போடவில்லை என்பது காகிதத்தில் ஏற வேண்டும்.

பென்சிலில் எழுதியதை அழிக்காதீர்கள், தாளைக் கிழிக்காதீர்கள். எம் புக் பக்க எண் இட்ட புத்தகம். தவறு இருந்தால் கோடு போட்டு அடித்துத் தேதியோடு சுருக்கொப்பம் போடுவதுதான் முறை என்று உங்களுக்கே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அளப்பவர்தான் இடத்தில் நின்று தன் கையால் எழுத வேண்டும் என்பதும் தெரியும். இன்னொருவர் கை அதில் இருப்பதே உங்களுக்குச் சாட்சி, அதைக் கெடுத்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் எந்த நிலையில் உங்கள் மேஜைக்கு வந்தது என்று புத்தக எண், பக்க எண்ணோடு உங்கள் குறிப்பில் எழுதுங்கள்.

குறிப்பு நீளமாக வேண்டாம், யாரையும் திட்ட வேண்டாம். இப்படி இருக்கட்டும்: "மேற்படி சாலைப் பணியை இன்ன தேதியில் நேரில் அளந்தேன். செயினேஜ் 200, 600, 1,000 மீட்டரில் தோண்டிப் பார்த்ததில் ஜல்லி ஓரடுக்கு மட்டுமே காணப்பட்டது. கனம் முறையே இவ்வளவு. எம் புக்கின் இன்ன பக்கத்தில் உள்ள பென்சில் பதிவுகள் என்னால் எழுதப்பட்டவை அல்ல. ஒப்பந்ததாரருக்கு அறிவிப்பு கொடுத்து அவர் முன்னிலையில் மறு அளவீடும் தரப் பரிசோதனையும் செய்ய உத்தரவிடக் கோருகிறேன். அதுவரை பணி அளவை என்னால் சான்றளிக்க இயலவில்லை." அவ்வளவுதான். லஞ்சம், ஊழல் என்ற வார்த்தையே இதில் வேண்டாம். அளவு மட்டும் பேசட்டும். வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதுங்கள், நகல் மாவட்ட ஆட்சியருக்கு. ஊராட்சிகள் சட்டப்படி ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர், அதனால் அவருக்கு நகல் அனுப்புவது வரம்பு மீறல் ஆகாது. கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். அலுவலகத் தபால் பிரிவில் பதிந்து எண் வாங்குங்கள். நான் நடத்திய வழக்குகளில் ஒருவரைக் காப்பாற்றியதும் கைவிட்டதும் பல தடவை அந்த எண்தான்.

"போட்டுட்டுப் போங்க" என்று வாயால் சொல்பவரிடம், "சார், எழுத்தில் கொடுத்துவிடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். இது அடம் பிடிப்பது ஆகாது. டி.எஸ்.ஆர். சுப்ரமணியன் வழக்கில் 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னது: அரசு அதிகாரிகள் வாய்மொழி உத்தரவில் நடக்கக் கூடாது, வந்த உத்தரவைப் பதிவு செய்ய வேண்டும். மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் சொன்னது. அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டிய பழைய அறிக்கைகளில் ஒன்று, நம் தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் தலைமையில் ஊழல் ஒழிப்புக்காக அமைந்த குழுவினுடையது. அறுபது வருடத்துக்கு முன்பே இதை எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நீங்கள் எழுத்தில் கேட்டால் அவர் எழுதிக் கொடுக்க மாட்டார். கேட்டேன், தரவில்லை என்பதையும் தேதி போட்டு உங்கள் டைரியில் எழுதுங்கள்.

போனில் யாராவது மிரட்டியோ பேரம் பேசியோ பதிவாகியிருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். நண்பருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்தவர்கள் வந்து அழுதிருக்கிறார்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவில் சான்று வேண்டும், மூலக் கருவி கையில் இருந்தால்தான் அது சுலபம். அலுவலகக் கோப்பின் அசலை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், நிருபருக்குக் கொடுக்காதீர்கள், ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

பெயர் வெளியே வருமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்ல மாட்டேன்.

சத்யேந்திர துபே என்றொரு பொறியாளர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் சிவில் படித்தவர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில், ஜார்க்கண்டின் கோடர்மாவில் தங்க நாற்கரச் சாலைப் பணியில் இருந்தார். அங்கே நடந்த மோசடிகளைப் பற்றி 2002 நவம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தன் பெயர் வெளியே வர வேண்டாம் என்று கேட்டு, தன் விவரத்தைத் தனித்தாளில் இணைத்திருந்தார். அந்தத் தாளோடு சேர்ந்தே கடிதம் மேஜை மேஜையாகப் போனது. 2003 நவம்பர் 27 அதிகாலையில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறியில் நடந்த கொலை என்றது சி.பி.ஐ. 2010இல் மூவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. வழிப்பறிக் கதையைக் குடும்பம் ஏற்கவில்லை. அவர் இறந்த பிறகுதான் 2004இல், தகவல் தருபவரின் பெயரைக் காத்து மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் புகார் பெறும் ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. ஆனால் அந்தக் கதவு மத்திய அரசு ஊழியர்கள், மத்திய நிறுவனங்கள் பற்றிய புகாருக்கு மட்டும்தான். உங்கள் ஒன்றியத்துக்கு இல்லை. 2014இல் தகவல் தருவோரைக் காக்கத் தனிச் சட்டமே நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் ஆயிற்று. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பை எந்த அரசும் இதுவரை வெளியிடவில்லை. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, உங்கள் பக்கத்தில் வந்து நிற்காது. இந்த ஒரு விஷயத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் பக்கத்தில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ். தாமிரபரணி மணல் திருட்டைப் பற்றிப் போலீசில் புகார் கொடுத்தவர். 2023 ஏப்ரல் 25 அன்று பட்டப்பகலில் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ஐந்து மாதத்துக்குள் தீர்ப்பு வந்து இருவருக்கு ஆயுள் தண்டனை. இவ்வளவு வேகமான நீதியை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்த வேகத்தில் பாதி, அவர் புகார் கொடுத்த நாளில் பாதுகாப்புக்கு இருந்திருந்தால் என்று அப்போதே நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். 2025 ஜனவரியில் திருமயம் பக்கத்தில் கல்குவாரிகளைப் பற்றிப் புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி டிப்பர் லாரி மோதிக் கொல்லப்பட்டார்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் பயந்ததில் தவறில்லை என்று சொல்லத்தான். பயந்தவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: பாதுகாப்பையும் எழுத்தில் கேட்பது. மகேந்தர் சாவ்லா வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, நாடு முழுவதும் சட்டம்போலவே செல்லும் என்றது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 398ஆவது பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையில் குழு. மாவட்டக் காவல் தலைவரும் அரசுத் தரப்பு வழக்கு நடத்தும் பிரிவின் தலைவரும் உறுப்பினர்கள். மனு கொடுத்தால், போலீசிடமிருந்து மிரட்டல் பற்றிய அறிக்கை வாங்கி முடிவு செய்வார்கள். வீட்டுப் பக்கம் ரோந்து முதல் கூடவே ஒரு காவலர் வரை வழி இருக்கிறது. சிறு மிரட்டல் வந்தாலும் அன்றே மனு போடுங்கள். இரண்டாவது மிரட்டலுக்குக் காத்திருக்காதீர்கள்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். யாருக்கு மட்டும் உண்மை தெரியுமோ அவருக்குத்தான் ஆபத்து அதிகம். உண்மை நாலு இடத்தில் பதிவாகிவிட்டால், ஒருவரை மௌனமாக்கி ஆவது ஒன்றுமில்லை. அதனால்தான் தபால் எண், ஆட்சியர் நகல், லஞ்ச ஒழிப்பு ஒப்புகை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 

அந்தச் சாலை உங்களுடையது மட்டுமில்லை, அந்த ஊர்க்காரர்களுடையது. தகவல் உரிமைச் சட்டம் என்றால் தாளில் பதில் வாங்குவது என்றுதான் பலரும் எண்ணுகிறோம். அதன் 2(j) என்ற ஒரு மூலையில், அதாவது தகவல் உரிமை என்றால் என்ன என்று விளக்கும் உட்பிரிவில், பணியை நேரில் பார்வையிடவும் பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் குடிமக்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த ஊர்க்காரர் யாரும் எம் புக் நகல் கேட்கலாம், சாலையைத் தோண்டி மாதிரி கேட்கலாம். இது ராஜஸ்தான் கிராமத்து மக்கள் வாங்கித் தந்த உரிமை. 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனின் முதல் மக்கள் விசாரணை நடந்தது. பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோலை, அதாவது யார் வேலைக்கு வந்தார், எவ்வளவு கூலி என்ற பட்டியலை, ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி போயிருந்தது. தன் பெயரைத் தன் காதாலேயே கேட்டவர்கள் எழுந்து நின்றார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்ற அவர்கள் கோஷத்திலிருந்துதான் 2005இன் சட்டம் வந்தது.

ஆனால் தம்பி, நீங்கள் இதற்கு ஆள் ஏற்பாடு செய்யாதீர்கள். மச்சானை விட்டு மனு போடச் சொல்வது, ஊர்க்காரருக்குக் காதில் போடுவது எதுவும் வேண்டாம். உங்கள் வழி அலுவலக வழி. ஊர்க்காரர்கள் தாமாகக் கேட்டால், அவர்கள் கையில் கிடைக்கும் நகலில் உங்கள் குறிப்பும் இருக்கும். அது போதும்.

மாற்றல் வரும், அதற்குத் தயாராக இருங்கள். தண்ணியில்லாத காட்டுக்குப் போடுகிறோம் என்பார்கள், போடவும் செய்வார்கள். போங்கள். அங்கேயும் எம் புக் இருக்கும், உங்கள் சம்பளமும் வரும். குறிப்பு பதிந்த சில நாளில் மாற்றல் உத்தரவு வந்தால், இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்து உயர் நீதிமன்றத்தில் பேசலாம். தடை கிடைக்கும் என்று உறுதி தர முடியாது. மெமோ வந்தால் குறித்த காலத்துக்குள் பதில் கொடுங்கள். பதில் எழுதும் முன் உங்கள் மாவட்டத்திலேயே பணி வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரைப் பாருங்கள், கோபத்தில் நீங்களே எழுதிவிடாதீர்கள். லஞ்ச ஒழிப்புத் துறை உடனே பாயும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அதிகாரி எடுத்த முடிவையோ பரிந்துரையையோ விசாரிக்க ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவில் அரசின் முன் அனுமதி வேண்டும். கையும் களவுமாகப் பிடிப்பதற்கு அது வேண்டாம், சாலைக் கணக்குக்கு வேண்டியிருக்கலாம். மாதக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கும். புகாரைக் குப்பையில் போட்டுவிட்டார்கள் என்று தோன்றும். ஒப்புகை எண்ணை வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

கடைசியாக வீடு. இன்றிரவே உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். ஓவர்சியரின் மனைவிக்கு விஷயம் தெரிந்தது போலீஸ் வீட்டு வாசலுக்கு வந்த அன்றுதான். அதுவரை அவர் தனியாகவே சுமந்திருக்கிறார். உங்கள் மனைவிக்கு டைரி எங்கே இருக்கிறது, மனுவின் நகல் யாரிடம் இருக்கிறது, எந்த வக்கீலுக்கு போன் செய்ய வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். நகல்களில் ஒரு செட் வீட்டில் இருக்க வேண்டாம், நம்பிக்கையான சொந்தக்காரர் ஒருவரிடம் கொடுங்கள். அப்பாவிடம் சொல்வதா என்று தயங்குகிறீர்கள் போலிருக்கிறது. சொல்லுங்கள். லோடு ஏற்றி இறக்கிய மனிதர். 337 கன மீட்டர் ஜல்லி எவ்வளவு என்பது உங்களையும் என்னையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.